உள்கால் அளவு

என் வீட்டுக்காரருக்கு அளவு தப்பாது. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொள்வார், ஒரு நாளைக்கு நாலு தடவை. சீருடை தைக்கும் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் கட்டிங் மாஸ்டர். நர்ஸோ டிரைவரோ காவலாளியோ, யார் எதிரில் வந்து நின்றாலும் ஒரு பார்வை. "இடுப்பு முப்பத்தாறு, உள்கால் இருபத்தெட்டரை" என்பார். டேப் வைத்துப் பார்த்தால் நூல் பிசகாது. கழுத்தில் டேப்போடுதான் சாப்பிட உட்காருவார். சாப்பாட்டில் உப்பு கூடிப்போனால் "கால் ஸ்பூன் அதிகம்" என்று அதற்கும் அளவு சொல்வார். கூடக் குடித்தனம் நடத்துகிறவளுக்குப் பற்றிக்கொண்டு வருமா வராதா?

வீட்டிலிருந்து கம்பெனிக்கு ஒன்பது கிலோமீட்டர். போக ஒன்பது, வர ஒன்பது, அவ்வளவுதான் அவர் பார்த்த உலகம். பழைய சைக்கிள் வாரத்துக்கு இரண்டு தடவை செயினைக் கழற்றிக்கொண்டு நிற்கும். ரிட்டயர் ஆக நாலு வருடம் இருக்கும்போது எங்கிருந்தோ ஒரு விளம்பரத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். நம் உடம்பு அளவைக் கொடுத்தால் அதற்கென்றே டூரிங் சைக்கிள் செய்து அனுப்புகிற கம்பெனி.

"தினம் வேலைக்கும் போகலாம், மூட்டை கட்டிக்கிட்டு ஊர் ஊராவும் போகலாம். ரிட்டயர் ஆன மறுநாளே கிளம்புறேன். பொண்ணு வீட்டு வாசல்ல போய் பெல் அடிப்பேன். வீட்டு பெல் இல்ல, சைக்கிள் பெல்!"

பெண் இருப்பது அறுநூறு கிலோமீட்டர் தள்ளி. பஸ் இல்லையா, ரயில் இல்லையா என்று கேட்டேன். அவர் காதில் விழவே இல்லை. எனக்குத் தெரிந்து அந்த மனிதர் தனக்கென்று ஆசைப்பட்டது இது ஒன்றுதான்.

விளம்பரத்தோடு ஒரு படிவம் இருந்தது. அதில் ஒரு படம். வெறுங்காலோடு ஒரு ஆள் சுவரில் சாய்ந்து நிற்கிறான், தொடைகளுக்கு நடுவே ஒரு புத்தகம், அங்கிருந்து ஒரு கோடு நேராகத் தரைக்கு. தன் உள்கால் அளவைத் தானே எடுக்க முடியாது, குனிந்தால் அளவு மாறிவிடும். அதனால் என்னைக் கூப்பிட்டார். டேப்பின் மேல் நுனியை அவர் பிடித்துக்கொண்டார், கீழே என் கை.

"கணுக்கால்கிட்ட நிறுத்து. எவ்வளவு?"

"தரை வரைக்கும் வேணாமாங்க? படத்துல கோடு தரையைத் தொடுதே."

"நீ எனக்கு அளவு சொல்லித் தர்றியா? உள்கால்னா கணுக்கால் வரைக்கும்தான். இருபத்தேழு வருஷமா கம்பெனியில நான் என்ன, புல்லா புடுங்கிட்டு இருந்தேன்?"

எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எக்கேடோ கெட்டுப் போ என்று "இருபத்தொம்போது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். படிவத்தில் அதையே முத்து முத்தாக எழுதினார். பேன்ட்டுக்கு அது சரியான அளவு. சைக்கிளுக்கு இல்லை.

வந்து இறங்கியது சைக்கிள். கரும்பச்சை நிறம், முன்னும் பின்னும் கேரியர், நாலு பைகள், எத்தனையோ கியர். தெருவே வந்து பார்த்தது. அவர் ஏறி மிதிக்கும்போது முழங்கால் இரண்டும் வயிற்றில் இடிக்கிற மாதிரி எனக்குப் பட்டது. காற்றடிக்கப் போன இடத்தில் மெக்கானிக் சொல்லியிருக்கிறார்: "சார், சீட்டு ரொம்பத் தாழ்வா இருக்கு. ரெண்டு இஞ்ச் ஏத்திடட்டுமா?"

"இது என் உடம்புக்கு அளவெடுத்துச் செஞ்சது. கையை வைக்காதே!"

இரண்டாம் வருடம் முட்டிவலி தொடங்கியது. "நின்னு நின்னு வெட்டுறேன்ல, அதான்" என்றார். தினமும் நான்தான் களிம்பு தேய்த்தேன். மிதித்தால் சரியாகிவிடும் என்று ஞாயிற்றுக்கிழமையும் மிதித்தார். தேய்க்கும்போது ஒரு நாள் அந்தப் படம் என் ஞாபகத்துக்கு வந்தது. சொன்னால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். பாவி நான், அன்றைக்காவது சண்டை போட்டுத் தொலைத்திருக்கலாம்.

போன வருடம் ரிட்டயர் ஆனார். மறுநாள் விடிந்ததும் நாலு பையையும் கட்டிக்கொண்டு கிளம்பினார். முதல் நாள் தொண்ணூறு கிலோமீட்டர். போனில் குரல் குழந்தை மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் போன் வந்தது, குரல் வேறு. ஒரு லாரி டிரைவர். "அம்மா, பெரியவர் ரோட்டோரம் உக்காந்துட்டாரு. எந்திரிக்க முடியல. சைக்கிளோட வண்டியில ஏத்திக் கூட்டிட்டு வர்றேன்." பேசி முடித்த கையோடு பெண் கூப்பிட்டாள்.

"அப்பா எங்கேம்மா வந்துட்டிருக்காரு?"

"வீட்டுக்கு வந்துட்டிருக்காரு" என்றேன்.

இரண்டு மூட்டிலும் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனி சைக்கிள் கூடாது, படி ஏறுவதைக்கூடக் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் முட்டிக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் சைக்கிள் கதையைக் கேட்டுவிட்டு அவரை வெறுங்காலோடு சுவர் ஓரம் நிறுத்தினாள். நடுவே ஒரு புத்தகம். டேப்பைத் தரை வரைக்கும் விட்டாள்.

"முப்பத்தொண்ணரை. நீங்க கம்பெனிக்கு எவ்வளவுன்னு கொடுத்தீங்க?"

அவர் தன் கழுத்து டேப்பைச் சுருட்டத் தொடங்கினார்.

"இருபத்தொம்போது" என்றேன் நான்.

"அய்யய்யோ, ரெண்டரை இஞ்ச் தாழ்வாவா நாலு வருஷம் மிதிச்சீங்க!"

வீடு வந்து சேர்ந்தோம். நாற்காலியில் உட்கார்ந்தவர் என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"அன்னைக்கு டேப்பை நீதானே பிடிச்சே?"

அடப்பாவி மனுஷா! நாக்கு நுனிவரை வந்தது எல்லாம். படம், கோடு, தரை, புல்லு. அவர் முகத்தைப் பார்த்தேன். முட்டியும் போய் அளவும் போய்விட்டால் இந்த மனிதரிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

"ஆமாங்க. நான்தான் தப்பாப் பிடிச்சுட்டேன்."

"பார்த்துப் பிடிக்க வேணாமா?"

அன்றிலிருந்து யார் விசாரிக்க வந்தாலும் அதே பாட்டு. "எல்லாம் இவ டேப் பிடிச்ச லட்சணம்!" என்று சிரிப்பார். நானும் தலையாட்டுவேன். உள்ளே போய்ப் பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். ஆனால் எட்டு மாதமாக இந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது ஒன்றுதான்.

போன வாரம் மருந்துக்கடைக்காரர் சைக்கிளைக் கேட்டு வந்தார். குள்ளமான மனிதர். தினமும் தூரத்திலிருந்து கடைக்கு வந்து போகிறவர். இவர் பழக்கதோஷத்தில் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அளவைச் சொல்ல வாய் திறந்தது, மூடிக்கொண்டது. கழுத்திலிருந்த டேப்பை உருவி என்னிடம் நீட்டினார்.

"சாரைச் செருப்பைக் கழட்டச் சொல்லு."

மருந்துக்கடைக்காரர் சுவரோரம் நின்று மேல் நுனியைப் பிடித்துக்கொண்டார். நான் கீழே உட்கார்ந்தேன். என் கை தன்னால் கணுக்காலில் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

"தரை வரைக்கும் பிடி" என்றார்.

பிடித்தேன். இருபத்தொன்பது.

"சாருக்குச் சரியா இருக்கும். எடுத்துட்டுப் போகட்டும்."

வாசலில் மருந்துக்கடைக்காரர் ஏறி உட்கார்ந்ததும் கால் அழகாக நீண்டு பெடலைத் தொட்டது. பெல்லை அடித்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறமும் விசாரிக்க இரண்டு பேர் வந்தார்கள். டேப்பைப் பற்றி இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "வயசாச்சு, அவ்வளவுதான்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவ டேப் பிடிச்ச லட்சணம் என்று ஒரு தடவை சொல்லித் தொலைத்தால் தேவலை என்று இருக்கிறது எனக்கு.