கேதீஸ்வரனின் வானில் ஒரு சொகுசுப் பயணம்

அரியாலைக் கேதீஸ்வரன் ஓட்டுகிற வாடகை வானில் பதினேழு வருடமாக ஒரு மாப்பிள்ளைகூட ஏறியதில்லை. ஏறியவர்கள் எல்லாரும் செத்தவீட்டுக்காரர். மடியில் அஸ்திச் செம்பு. அதன் வாயில் வெள்ளைத் துணி. போகிற இடம் கீரிமலைக் கடல்.

அவராகத் தேடிக்கொண்ட தொழில் அல்ல. வான் வாங்கிய முதல் மாதத்தில் அஸ்தி கரைக்கிற அந்தியேட்டிக் கிரியைக்கு அடுத்தடுத்து மூன்று தரம் ஓடினார். அத்தோடு ஊர் அதற்குச் 'சாவீட்டு வான்' என்று பெயர் வைத்துவிட்டது. மாதக்கணக்காகப் பாயில் கிடந்த கிழவர் ஒருவர், வான் வேலிப் படலையடியில் வந்து நின்றதைக் கண்டதும் எழும்பிப் போய் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் பாய்ச்சினாராம். கேதீஸ்வரனின் மனைவி உதயகலா சொந்தத் தமக்கையின் மகளுடைய கலியாணத்துக்கு பஸ்ஸில்தான் போனாள். வானோடு வரவேண்டாம் என்று தமக்கையே சொல்லியிருந்தாள்.

அந்தப் பெயரைக் கழுவ ஒரு வழி பிறந்தது. டவுனில் புதிதாகத் திறந்த ஹொட்டலில் பயண ஒழுங்குகளைப் பார்க்கிற வாகீசன் தொலைபேசி எடுத்தான்.

"எங்கடை வான் பழுதாய்ப் போச்சுது, அண்ணை. ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்கு வடக்குக் கரையையும் தெற்குக் கரையையும் ஒரு நாள் முழுக்க மெள்ளமாய்ச் சுத்திக் காட்டவேணும். காலமை குருநகரிலை மீன் ஏலம், பிறகு கீரிமலை, பின்னேரம் அரியாலைக் களப்பு. அவ இன்ரநெற்றிலை எங்களைப்பற்றி நல்லதாய் எழுதினா எண்டால் சீசன் முழுக்க ஓட்டம் உங்களுக்குத்தான்."

"தம்பி, என்ரை வானைப்பற்றி உமக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"நான் வவுனியா ஆள், அண்ணை. இந்த ஊர்க் கதையள் தெரியாது."

கேதீஸ்வரனுக்கு அது போதும். வானை இரண்டு தரம் கழுவி, முன் கண்ணாடியில் மல்லிகை மாலை தொங்கவிட்டு, கலியாண நாதஸ்வரத்தைப் போட்டுக்கொண்டு ஹொட்டல் வாசலில் போய் நின்றார்.

வெள்ளைக்கார அம்மா தனியாக வெளியே வந்தாள். எழுபது வயதிருக்கும். உச்சி முதல் பாதம் வரை வெள்ளை. காதில் கையில் ஒன்றுமில்லை. இரண்டு கையாலும் ஒரு வெள்ளிப் பாத்திரத்தை அணைத்திருந்தாள். அதன் வாயில் வெள்ளைத் துணி. ஏறி உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

பதினேழு வருட அனுபவம் பொய் சொல்லுமா? கேதீஸ்வரன் மாலையைக் கழற்றினார். நாதஸ்வரத்தை நிறுத்தினார். பாவம், புருசனைக் கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். இதைச் சொல்லாமல் விட்டானே வாகீசன்.

அஸ்தியோடு மீன் ஏலத்துக்குப் போகிற வழக்கம் எந்த நாட்டிலும் இருக்காது என்று குருநகரை விட்டார். அஸ்தியோடு இடையில் இறங்கக்கூடாது. ஆகவே கூழ்க் கடையை அவள் ஆசையாகக் காட்டியபோது, துக்கத்தோடு தலையை ஆட்டிவிட்டு ஓட்டினார். பள்ளத்தில் வான் குலுங்க, பாத்திரத்திலிருந்து அவள் பாவாடையில் ஈரம் சொட்டியது. அஸ்திக்கு விட்ட பால் சிந்துகிறது என்று பதறி, மாட்டுவண்டி வேகத்துக்கு இறங்கினார். வானைத் தெரிந்தவர்கள் வழிநெடுகச் சைக்கிளை விட்டு இறங்கித் தலை குனிந்து நின்றார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் கையசைத்தாள். ஒரு மணித்தியாலப் பாதைக்கு மூன்று மணித்தியாலம் பிடித்தது.

கீரிமலையில், வடகடல் கல்லில் மோதித் தெறிக்கிற இடத்தில், அந்தியேட்டி செய்விக்கிற நமசிவாயக் குருக்கள் தர்ப்பையும் எள்ளும் வாழையிலையுமாகக் காத்திருந்தார். கேதீஸ்வரன் வழியிலேயே அவருக்கு அறிவித்திருந்தார். குருக்கள் சைகை காட்ட, அம்மா பாத்திரத்தை இலையில் வைத்து, தானே துணியை அவிழ்த்தாள்.

உள்ளே பாதி உருகிய ஐஸ். ஐஸுக்குள் தங்கக் கழுத்து ஷம்பேன் போத்தல்.

குருக்கள் சற்று நேரம் கடலைப் பார்த்தார். "கேதீஸ், இவர் ஆர்?"

குருக்கள் குனிந்து லேபலை வாசித்தார். "பிரான்சிலை பிறந்தவர். வயசு பன்னிரண்டு."

"ஐயா, என்ரை பிழைப்புப் போச்சுது."

"மூடு முதல்லை. கோயிலடியிலை உது திறபடக்கூடாது." துணியை இறுக்கிக் கட்டிவிட்டு, ஏதோ மந்திரம் சொல்லி, அம்மாவின் தலையில் தண்ணீர் தெளித்து, திருநீறு பூசி அனுப்பிவைத்தார் குருக்கள்.

பின்னேரம் அரியாலைக் களப்பில் அலையே இல்லை. முழங்கால் தண்ணீரில் கொக்குகள் நின்றன. அம்மா போத்தலைத் திறந்த சத்தத்தில் அவ்வளவும் எழும்பிப் பறந்தன. தன்னுடைய சீசனும் அதோடு பறந்தது என்று கேதீஸ்வரன் நினைத்தார்.

மறுகிழமை வாகீசன் தொலைபேசி எடுத்தான். "அண்ணை, என்ன மந்திரம் போட்டனியள்? அந்த அம்மா எழுதியிருக்கிறா, உலகத்திலை எங்கையும் தனக்கு இப்பிடி மரியாதை கிடைக்கேல்லையாம். கடை கடையாய் இழுக்கேல்லையாம், பாட்டுப் போடேல்லையாம், சனம் இறங்கி நிண்டு வணங்கினதாம், தன்ரை ஷம்பேனை ஆசீர்வதிக்கக் கடற்கரையிலை ஒரு குரு நிண்டவராம். சீசன் உங்களுக்குத்தான், கிழமைக்கு நாலு ஓட்டம். ஆனால் வாற எல்லாருக்கும் அச்சொட்டாய் அதே மாதிரி வேணும். வெள்ளை உடுப்பை நாங்கள் குடுக்கிறம். குருக்களை நீங்கள் கதைச்சு வையுங்கோ."

கேதீஸ்வரன் தொலைபேசியை வைத்தார்.

"என்னவாம்?" என்றாள் உதயகலா. "ஓட்டம் கிடைச்சுதோ இல்லையோ?"

"ஓம், கிடைச்சுது. கிழமைக்கு நாலு அந்தியேட்டி."