அண்ணி படித்த பன்னிரண்டு பக்கம்

எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. ஊரில் யார் வீட்டுக்குத் தபால் வந்தாலும், "அவன்கிட்டக் கொடு, படிச்சுச் சொல்லுவான்" என்பார்கள். அந்தப் பெருமையையும் பெட்டிக்குள் வைத்துக் கட்டிக்கொண்டுதான் இந்த வெளிநாட்டுக்கு வந்தேன். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு காகிதத்தை உண்மையாகவே படிக்கத் தெரிந்தவர் யார் என்று இன்று கேட்டால், பத்தாவதோடு பள்ளியை விட்ட என் அண்ணியைத்தான் காட்டுவேன்.

முதலில் வந்தது அண்ணன். பாட்டில் கம்பெனியில் ஃபிட்டர். பிறகு நான், தண்ணீரைப் பரிசோதிக்கும் ஆய்வகத்துக்கு. இரண்டு வருடத்துக்கு முன்னால் அண்ணியும் அவர்கள் மகள் பாப்பாவும் வந்தார்கள். மூன்றாம் மாடியில் எல்லோருக்கும் ஒரே வீடு. ஒருவர் அடுப்படியில் நின்றால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டும். அப்படிப்பட்ட வீட்டிலும் ஜன்னலோரம் அண்ணியின் தையல் மெஷினுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஊரில் அவர் கை பட்ட துணிக்கு வரிசையில் நிற்பார்கள்.

இந்த நாட்டில் வேலை செய்ய ஓர் அட்டை, தங்க ஓர் அட்டை. அண்ணனுக்கும் எனக்கும் இரண்டும் உண்டு. அண்ணிக்கும் பாப்பாவுக்கும் தங்கும் அட்டை மட்டும்தான், அதுவும் அண்ணனை வைத்து. அட்டையோடு கவுண்டரில் பன்னிரண்டு பக்கத்தில் விதிகள் அச்சிட்ட ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். எங்களுடையதை நானும் அண்ணனும் எங்கே போட்டோம் என்று எங்களுக்கே தெரியாது. அண்ணியோ பாப்பாவைப் பள்ளியில் விட்டு வந்ததும் அதையும் போனில் அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு நாளைக்கு ஐந்து வரி. பன்னிரண்டு பக்கம் முடிய மூன்று மாதம் ஆயிற்று.

"தம்பி, டிபெண்டன்ட்னா என்ன?"

"சார்ந்து இருக்கிறவர் அண்ணி."

"ஓ... தொத்திக்கிட்டு வந்தவன்னு சொல்லுங்க" என்று பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

அண்ணியின் கைத்திறன் பற்றிய பேச்சு கட்டடம் முழுக்கப் பரவ ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒருநாள் கீழ் வீட்டு அக்கா, நம் ஊர்ப் பக்கத்துக்காரர்தான், கணவரின் பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார்.

"ரெண்டு கால்தானே. மடிச்சு ஒரு தையல் போட்டுக் கொடும்மா."

"இந்த அட்டைக்கு ஊசி ஆகாதுக்கா."

"யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"சரி, காசு வாங்காத. சும்மா தச்சுக் கொடு."

"அடுத்தவங்களுக்குச் சும்மா தச்சாலும் வேலைதான்னு ஏழாம் பக்கத்துல போட்டிருக்குக்கா. வாங்க, சொல்லித் தர்றேன். நீங்களே தைங்க."

"போலீஸ்காரன்கூட இவ்வளவு பேச மாட்டான்" என்று அக்கா பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போனார். நானும் அண்ணனும் அன்று முழுக்க அண்ணியைக் கிண்டல் செய்தோம். அண்ணி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அதன்பின் ஒரு திங்கட்கிழமை. எனக்கு அன்று விடுமுறை. அண்ணன் மதியமே வீட்டுக்கு வந்தான். சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் இருந்தது. கம்பெனியில் ஒரு பிரிவையே மூடிவிட்டார்கள். பதினாலு ஃபிட்டர்களை ஒரே மூச்சில் அனுப்பிவிட்டார்கள். தங்கும் அட்டையை மேசைமேல் போட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் அதை எடுத்துப் பார்த்தேன். முடியும் தேதிக்கு இன்னும் பதினாலு மாதம் இருந்தது.

"அண்ணே, எதுக்குப் பயப்படற? தேதியைப் பாரு. நிதானமா வேற வேலை தேடலாம்."

அண்ணன் முகத்தில் உயிர் வந்தது. "படிச்சவன் படிச்சவன்தான்டா" என்றான். ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் என்ன என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டான்.

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டே அடுப்படியிலிருந்து வந்தார். "தம்பி, அட்டையைத் திருப்புங்க."

பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்தது போல ஒரு வரி: வேலை நீடிக்கும்வரை மட்டுமே செல்லும். அண்ணி ஒன்பதாம் பக்கத்தைப் பிரித்து அருகில் வைத்தார். "பதினாலு மாசம்ங்கறது வேலை இருந்தா. வேலை போயிட்டா அறுபதே நாள். அதுக்குள்ள வேற வேலை கிடைக்கலன்னா நாங்க மூணு பேரும் கிளம்பணும். அதுல இன்னைக்கு ஒரு நாள் போச்சு."

மூன்று முறை படித்தேன். அண்ணி சொன்னதுதான் சரி. நான் சொன்னதை நம்பி அண்ணன் ஊருக்கு விமானம் ஏறியிருந்தால் அறுபதில் பாதி அங்கேயே போயிருக்கும். ஆனால் அண்ணி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலண்டரை எடுத்து அறுபதாம் நாளைச் சுற்றி வட்டம் போட்டு, அடுப்படிக் கதவில் மாட்டினார்.

முப்பது நாள் அண்ணன் ஏறாத வாசல் இல்லை. ஒரே ஊரில் பதினாலு ஃபிட்டர்கள் ஒன்றாக வேலை தேடினால் என்ன நடக்கும்? "கூப்பிடுகிறோம்" என்றார்கள், ஒருவரும் கூப்பிடவில்லை. என் அட்டையில் அண்ணனைச் சேர்க்க முடியுமா என்று விசாரித்தேன். மனைவி மக்கள் மட்டும்தானாம், அண்ணனெல்லாம் கணக்கில் வராதாம். இந்த நாட்டு எழுத்தை அப்போதுதான் கூட்டிப் படிக்கப் பழகியிருந்த பாப்பா, காலண்டரைக் காட்டி, "சித்தப்பா, அந்த வட்டத்துல யாருக்குப் பொறந்தநாள்?" என்று கேட்டாள்.

முப்பத்தோராம் நாள் அண்ணி பதினோராம் பக்கத்தோடு வந்தார். தொத்திக்கொண்டு வந்தவருக்கும் ஒரு வழி இருந்தது. ஒரு முதலாளி வேலை தர எழுதிக் கொடுத்தால், நாட்டை விட்டுப் போகாமலே வேலை அட்டைக்கு மாறலாம். ஆனால் அறுபது நாளுக்குள் மனு போட்டு அனுமதி வந்துவிட வேண்டும். அதுவரை இங்கே எந்த வேலையும் செய்திருக்கக் கூடாது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஆஸ்பத்திரிச் சீருடை தைக்கும் பட்டறையில் துணி வெட்ட ஆள் வேண்டும் என்று தட்டி தொங்குகிறதாம்.

அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. "நீ சம்பாதிச்சு நான் உட்காரணுமா?"

"ரெண்டு வருஷமா நான் உட்காரலையாங்க? அதே நாற்காலிதான். இப்ப உங்க முறை."

மொழிபெயர்க்க நான் கூடப் போனேன். பட்டறையில் பன்னிரண்டு மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. நீலத் துணி உருளைகள் சுவரோடு சாய்ந்திருந்தன. இஸ்திரி ஆவி முகத்தில் அடித்தது. மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு கட்டி மாட்டியிருந்த முதலாளியம்மா ஒரு காலி மெஷினைக் காட்டி, "அரை நாள் உட்கார்ந்து வெட்டித் தைக்கட்டும், பார்க்கலாம்" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். அண்ணியிடம் சொன்னேன். அண்ணி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"அட்டை இல்லாம உட்கார மாட்டேன்னு சொல்லுங்க தம்பி."

"அண்ணி, இது சோதனைதான்! ஏற்கெனவே முப்பத்தஞ்சு நாள் போயிடுச்சு!"

"சோதனைன்னாலும் அவங்க துணிதானே? சொல்லுங்க."

அப்படியே சொன்னேன். முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றினார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அண்ணி தோளிலிருந்து துணிப்பையை இறக்கினார். பாப்பாவின் கவுன், அண்ணனின் சட்டை, தன் ரவிக்கை. மூன்றும் வீட்டுக்காக அவரே வெட்டித் தைத்தவை. ஒவ்வொன்றையும் உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டித்தான் மேசைமேல் வைத்தார்.

முதலாளியம்மா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். கவுனின் மடிப்பில் நகத்தை ஓட்டினார். சட்டையின் அக்குள் பகுதியை இழுத்துப் பார்த்தார். காலரின் அடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ஓர் இடத்திலும் நூல் தொங்கவில்லை. துணி தீர்ந்துபோன இடத்தில் போட்ட ஒட்டுகூட, சொன்னால்தான் தெரியும்.

"கடிதம் எழுதித் தருகிறேன். ஆனால் இந்த அரசாங்கக் காகிதமெல்லாம் எனக்குத் தலைவலி" என்றார் என்னிடம். நான் அதை அண்ணியிடம் சொல்லி முடிப்பதற்குள் அவர், பன்னிரண்டாம் பக்கத்தைப் பார்த்து அந்த மொழியிலேயே எழுதி வைத்திருந்த பட்டியலை நீட்டினார். என்னென்ன காகிதம், எங்கே முத்திரை, யார் கையெழுத்து. முதலாளியம்மா அதைப் படித்துவிட்டு, இவரைத் துணி வெட்ட வைப்பதா, அலுவலகத்தில் வைப்பதா என்று சிரித்தார்.

நாற்பத்து மூன்றாம் நாள் மனு போட்டோம். கவுண்டரில் இருந்த அதிகாரி அண்ணியை நேராகப் பார்த்து, வந்ததிலிருந்து ஏதாவது வேலை செய்தீர்களா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணியே அவர் மொழியில், "செய்தேன். வீட்டு வேலை" என்றார். அதிகாரி சிரித்தபடி எழுதிக்கொண்டார். இரண்டு வருடமாக அந்தப் பட்டறை வாசலைக் கடந்து போயும், அடுத்தவர் துணியில் ஊசியை வைக்காமல் காத்த கையோடு சொன்ன பதில் அது.

பிறகு வந்த இரண்டு வாரமும் தபால் பெட்டியைத் திறக்க அண்ணனும் நானும் மாறி மாறிப் படி இறங்கினோம். ஐம்பத்தெட்டாம் நாள் கடிதம் வந்தது. அனுமதி கிடைத்துவிட்டது. அடுத்த நாளே அண்ணனுக்கும் பாப்பாவுக்கும் அண்ணியின் பெயரில் தங்கும் அட்டைக்கு ஃபாரம் நிரப்ப உட்கார்ந்தோம். அண்ணன் பேனா ஓரிடத்தில் நின்றது.

"அட்டைக்காரருக்கு நீங்க என்ன வேணும்னு கேட்டிருக்கான்டா. என்ன எழுத?"

"கணவர்னு எழுதுண்ணே."

"தொத்திக்கிட்டு வந்தவருன்னு எழுதச் சொல்லுங்க தம்பி" என்றார் அண்ணி, பாப்பாவுக்குத் தலை பின்னிக்கொண்டே. ஐம்பத்தொன்பது நாளில் முதல்முறையாக அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான்.

அடுப்படிக் கதவிலிருந்து காலண்டர் இறங்கிவிட்டது. இப்போது காலை ஏழு மணிக்கு அண்ணி பட்டறைக்குக் கிளம்பிவிடுகிறார். பாப்பாவுக்குச் சடை போடுவது அண்ணன். ஒரு சடை வடக்கே போகும், இன்னொன்று தெற்கே போகும். போன ஞாயிற்றுக்கிழமை கீழ் வீட்டு அக்கா அவசரமாக மேலே வந்தார்.

"தம்பி, குழாய் ஒழுகிக்கிட்டே இருக்கு. உங்க கைக்கு ரெண்டு திருகு வேலை. கொஞ்சம் வாங்களேன்."

அண்ணன் தன் புது அட்டையை எடுத்துத் திருப்பிக் காட்டினான். "இந்த அட்டைக்கு ஸ்பானர் ஆகாதுக்கா. ஏழாம் பக்கம்."

"அட கடவுளே, நீங்களுமா!" என்று அக்கா அண்ணி பக்கம் திரும்பினார்.

"கூட வருவாருக்கா" என்றார் அண்ணி. "அவர் சொல்லித் தரட்டும், நீங்களே திருகுங்க."