கம்பி நாரும் நிக்கல் வலையும்

நிக்கல் வலையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி தொட்டியில் போட்டுத் தேய்க்கிறாள் அக்கா. உள்ளங்கை அகல வலைதான். ஆனாலும் ஓரத்துக் கறுப்பு போகிறவரை விடமாட்டாள். "பளிச்சுனு இருக்கணும். இல்லேன்னா அது கழுவினதில்ல, நனைச்சது" என்பது அவள் கட்சி.

இந்த வலை வழியாகத் தண்ணீருக்குள் மின்சாரம் விட்டு ஹைட்ரஜனைப் பிரிக்கிற ஆய்வுக்கூடம் அது. அதன் செலவைக் குறைப்பதற்கென்றே ஒன்பது முனைவர்கள் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறு வருடமாகக் கொஞ்சம் குறைந்தும் இருக்கிறது. வலைக்குத் தாங்கள் போடும் பூச்சுதான் காரணம் என்று கட்டுரைமேல் கட்டுரையாக எழுதிவிட்டார்கள்.

அக்காவுக்கு அங்கே குடுவையும் வலையும் கழுவும் வேலை. யாராவது கேட்டால், "தண்ணிய ரெண்டாப் பிரிக்கிற எடத்துல பாத்திரம் தேய்க்கிறேன்" என்பாள். அவள் வீட்டுக்காரர் விடுவாரா? "நம்ம வீட்டுக் குழாயத் தொறந்தா கரண்டே இல்லாம வெறும் காத்துதான் வருது. அவங்கள வந்து பாத்துக் கத்துக்கிட்டுப் போகச் சொல்லு."

தொட்டிக்கு மேலே விதிகள் ஒட்டியிருக்கின்றன. அமிலத்தில் ஐந்து நிமிடம், சுத்திகரித்த நீரில் மூன்று முறை, வேறெதுவும் படக்கூடாது. அக்கா அத்தனையும் ஒழுங்காகச் செய்வாள். செய்து முடித்து, யாரும் பார்க்காத நேரத்தில், சாப்பாட்டுப் பையிலிருந்து வீட்டு இரும்புக் கம்பி நாரை எடுப்பாள்.

போன மாதம் ஒருவழியாகச் செலவைக் குறைத்தேவிட்டார்கள்: அக்காவின் வேலையை எடுத்துவிட்டார்கள். இந்த மாதக் கடைசியோடு சரி, அப்புறம் கழுவ இயந்திரம். கையோடு ஒரு அலாரம் கடிகாரத்தை நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள். எழுந்து ஓட இடமில்லாதவளுக்கு ரொம்பவே தேவையான பொருள். மகளின் கடைசி வருடப் படிப்பு இந்த வேலையில்தான் நிற்கிறது என்பதை அக்கா அங்கே சொல்லவில்லை. கைதட்டினார்கள், அவளும் தட்டினாள்.

அதற்கு முன்பே இயந்திரம் வந்தது. அது கழுவிய வலைகளோ ஒன்றுக்கொன்று போட்டி போட்டுக்கொண்டு மின்சாரத்தைக் குடித்தன. காற்றில் ஈரம் என்றார் ஒரு முனைவர். கணினிக் கோளாறு என்றார் இன்னொருவர். வலை விற்றவரைத் திட்டி நாலு பக்கக் கடிதம் போயிற்று. கடைசியில், அக்கா கழுவிய வலையை மாட்டினால் மட்டும் எல்லாம் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, தலைமை ஆய்வாளரே கழுவும் அறைக்கு இறங்கி வந்தார். அந்த அறை எங்கே இருக்கிறது என்று வழியில் இரண்டு பேரைக் கேட்க வேண்டியிருந்தது.

வலையை என்ன செய்கிறாள் என்று கேட்டார். கழுவுவதாகச் சொன்னாள். வேறே? அக்கா பையிலிருந்த நாரை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"கறுப்பு போகல சார், மனசு கேக்கல. தப்புதான்."

"எத்தன நாளா?"

"வந்ததுலேருந்து. ஆறு வருசமா."

ஆறு வருடக் கட்டுரைகளும் அவர் முகத்தில் வரிசையாக வந்து போயின. நாரின் இரும்புத் துகள் நிக்கலில் ஒட்டிக்கொண்டுதான் கொஞ்ச மின்சாரத்திலேயே தண்ணீர் பிரிந்திருக்கிறது என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். அக்காவுக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதுமாக இருந்தது.

"அப்ப அடுத்த மாசமும் நான் வரணும்ல சார்?"

அவர் இடுக்கியால் நாரைத் தூக்கி, ஈரம் வடியும்வரை பொறுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டார். உறைமேல் தேதி எழுதினார். கண்டறிந்தவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். பிறகு பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல் அதை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, கதவை முழங்கையால் தள்ளித் திறந்து, வெளியே போனார்.