முதலில் கசப்பு

கல்கத்தாவை எனக்கு வந்த முதல் வாரமே பிடித்துவிட்டது. காளிகாட்டில் ஒரு தமிழ்க் குடும்பம் மாடியறை கொடுத்திருந்தது. வீட்டுக்கார அக்கா வங்கி அதிகாரி. மூன்று தலைமுறையாக அந்த ஊர்க்காரர்கள். முதல் நாள் காலை எங்கள் பினாங்கு வழக்கப்படி, "பசியாறிட்டீங்களா அக்கா?" என்று கேட்டேன். "நீ என்னம்மா, பழைய சினிமா மாதிரி பேசறே?" என்று சிரித்தார். கல்லூரியில் படிக்கும் அவருடைய மகளோ தமிழில் ஆரம்பித்து வங்காளத்தில் முடிப்பாள். எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டப் பழகிக்கொண்டேன்.

நான் வந்தது தன்னார்வலர் பயிற்சிக்கு. பக்கவாதத்திலிருந்து தேறி வருபவர்கள் பகலில் வந்து தங்கும் ஒரு சிறிய இல்லம், பெஹாலாவில். உடற்பயிற்சிக்குத் துணை நிற்பது, பேச்சுக் கொடுப்பது, மதியம் ஊட்டிவிடுவது, இவ்வளவுதான் வேலை. வீட்டில் எல்லோரும் தடுத்தும் நல்ல வேலையை உதறிவிட்டு வந்தவள் நான். எப்படியும் ஜெயித்துக் காட்ட வேண்டும் என்ற வீம்பு வேறு இருந்தது.

என்னிடம் ஒப்படைக்கப்பட்டவர் ஒரு கணக்கு ஆசிரியை. நாற்பத்தைந்து வயதிருக்கும். வலது கையும் பேச்சும் போய்விட்டிருந்தன. விழுங்குவதில் சிரமமில்லை, இடது கையும் நன்றாகவே இருந்தது, ஆனால் அந்தக் கையால் சாப்பிட அவருக்கு வெட்கம். மற்றவர்கள் ஊட்டினால் சாப்பிட்டார். நான் ஊட்டினால் இரண்டாவது வாயிலேயே உதட்டை இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார். கெஞ்சிப் பார்த்தேன், பாட்டுப் பாடிப் பார்த்தேன். ஒருநாள் ஆத்திரத்தில் தட்டை டொக்கென்று மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

சனிக்கிழமை, பயிற்சி தரும் தீதி என்னைக் கூப்பிட்டார். தீதி என்றால் அக்கா, இல்லத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைப்பார்கள். வங்காளப் பெண்மணி, என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவார். அடுத்த வாரத்துக்குள் ஆசிரியை என் கையால் ஒரு வேளையாவது முழுதாகச் சாப்பிடாவிட்டால், என்னை அலுவலக வேலைக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார். பசியோடு இருப்பது ஆசிரியைதானே, தீதி சொன்னதில் தப்பே இல்லை. ஆனாலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவா கடல் தாண்டி வந்தேன்? பஸ்ஸில் திரும்பும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டு பௌதி என்னையும் அக்கா மகளையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். பௌதி என்றால் அண்ணி. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் அங்கே அதே முறைதான். தட்டைச் சுற்றிச் சின்னச் சின்னக் கிண்ணங்கள். எனக்கு வாய் ஊறியது. எங்கள் ஊர் நாசி கண்டார் கடையில் சோற்றின்மேல் மீன் குழம்பு, கோழிக் குழம்பு, பருப்பு என்று எல்லாவற்றையும் ஊற்றி வெள்ளக்காடாக்கித் தருவார்கள். அதுதான் ருசி. அதே கைப்பழக்கத்தில் கிண்ணங்களை ஒவ்வொன்றாகச் சோற்றில் கவிழ்த்துப் பிசைந்தேன். பரிமாறிக்கொண்டிருந்த பௌதியின் கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏ மா! என்ன அக்கா இது?" என்று அலறினாள் அக்கா மகள். "பாகற்காயையும் மீனையும் ஒண்ணாவா பிசைவாங்க? முதல்ல கசப்பு, அதுக்குக் கொஞ்சம் சோறு. அப்புறம் பருப்பு, அதுக்குத் தனிச் சோறு. அப்புறம்தான் காய், மீன் எல்லாம். கடைசியில இனிப்புச் சட்னி."

"வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதானே லா!"

"அப்போ பாயசத்துல ரசம் ஊத்தித் தரேன், சாப்பிடுறீங்களா?"

கவளம் பாதி வழியில் நின்றது. இல்லத்துச் சமையலறையிலிருந்தும் இப்படிக் கிண்ணம் கிண்ணமாகத்தான் சாப்பாடு வரும். அதையெல்லாம் தினமும் சட்னியோடு சேர்த்துக் குழைத்து ஆசிரியையின் வாயில் திணித்துக்கொண்டிருந்தவள் நான். அங்கிருந்த மற்றவர்களுக்கு அது பிறந்ததிலிருந்து வந்த பழக்கம். இதையெல்லாம் ஒருத்திக்குச் சொல்லித்தர வேண்டுமென்று யாருக்குத் தோன்றும்?

திங்கட்கிழமை கிண்ணங்களை வரிசையாக வைத்தேன். முதலில் பாகற்காய், அதற்குக் கொஞ்சம் சோறு. ஆசிரியை தட்டைப் பார்த்தார், பிறகு என் முகத்தை நன்றாகப் பார்த்தார். வாயைத் திறந்தார். பருப்பு போயிற்று, காயும் போயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்தது மீன். தொண்டையில் முள் சிக்கிவிடுமோ என்ற பயத்தில் நான் துண்டு துண்டாகத் தடவித் தடவி முள் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் பார்த்தார், பார்த்தார், பொறுமை போயிற்று. இடது கை மெல்ல மேலே வந்தது. தட்டில் கிடந்த கரண்டியை எடுத்து, நான் முள் எடுத்து வைத்திருந்த மீனை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். இன்னொரு வாய் எடுத்தார். சோறு மடியெல்லாம் சிந்தியது, அவர் கண்டுகொள்ளவே இல்லை. சட்னிக் கிண்ணத்தை வழித்து நக்காத குறைதான்.

நிமிர்ந்தால் வாசலில் தீதி.

"உன் கையால சாப்பிடணும்னுதானே சொன்னேன்?" என்றார். நான் அவசரமாக எழுந்தேன். "இவங்க தன் கையாலேயே சாப்பிடறாங்களே!" சிரித்துக்கொண்டே வந்து ஆசிரியையின் தோளைத் தட்டிக்கொடுத்தார். "நாளைலேர்ந்து நீதான் இவங்க பக்கத்துல உட்காரணும். ஊட்ட மட்டும் கூடாது."

மறுநாள் மீனை முன்கூட்டியே முள் எடுத்து வைத்துவிட்டு, கைகளை மடியில் கோத்துக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தேன். கரண்டி இரண்டு முறை நழுவியது. என் கை துடித்தது, நீட்டவில்லை. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அப்படியே சும்மா இருந்தேன். சும்மா இருந்ததில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை.