நெல்டா வாயைக் கட்டிய குளிர்காலம்

மேற்கு டெக்சாஸில் பருத்திக் காடும் எண்ணெய்க் கிணறும் மாறி மாறி வரும் ஒரு சின்ன ஊர். அங்கே நெல்டா புரூயிட்டின் முடி அலங்காரக் கடைக்கு வராத தலை கிடையாது. கூட்டம் முடிக்காகவா, அவள் பேச்சுக்காகவா என்று கேட்டால் ஊரே திணறும். கத்தரி நின்றாலும் வாய் நிற்காது. புருஷன் பெட்டியோடு வாசலில் நின்று, "நீ பேசி முடிச்சதும் சொல்லு, கிளம்பறேன்" என்றானாம். முடிக்கவே இல்லை, அவனாகப் போய்விட்டான். இதையும் அவளேதான் சிரித்துக்கொண்டு சொல்வாள்.

எதிரே இருந்த மருந்துக் கடையைத் திருடர்கள் இரண்டாம் தடவை உடைத்தபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது. தனிக்கட்டை, கடைக்குப் பின்னாலேயே வீடு. நேரே டப் என்பவனின் கடைக்குப் போனாள். மாட்டுத் தீவனம், தூண்டில் புழு, துப்பாக்கி எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ்தான். டப் உள்ளங்கைக்குள் அடங்கும் ரோஸ் கலர் பிஸ்டல் ஒன்றை எடுத்து வைத்தான்.

"பொம்பளைங்களுக்குன்னே வந்தது, மிஸ் நெல்டா. பர்ஸ்ல போட்டா தெரியவே தெரியாது."

"ரோஸ் கலர்னா நாங்க மயங்கிடுவோமா? முதல்ல உங்கம்மா தலையில கட்டிட்டு வா."

கடைக்குப் பின்னால் இருந்த திடலில் அதைச் சுட்டுப் பார்த்தாள். கட்டை விரல் கழன்றுவிட்டதோ என்று பயந்து போனாள். சின்னதாக இருக்க இருக்கக் கையை அதிகம் உதைக்கும், இது அந்த மடையனுக்கும் தெரியும். பெரியது கைக்கு அமைந்தது, ஆனால் வேலை அங்கிக்குள் புடைத்துக்கொண்டு நின்றது. கடைசியில் ஒல்லியான ஒன்று கிடைத்தது. சுண்டு விரலும் பிடியில் உட்கார்ந்தது, மேல் பாகத்தைப் பின்னால் இழுக்க மல்லுக்கட்ட வேண்டியிருக்கவில்லை. உறையோடு இடுப்பில் மாட்டிக்கொண்டு மறுநாளே வேலைக்கு வந்தாள். தொட்டிமேல் குனிந்து தலை அலசும்போது பிடி போய் ஓவீட்டாவின் காதில் இடித்தது.

"அடியே, தலை கழுவ வந்தவளக் கொள்ளையடிக்கப் போறியா?" என்றாள் ஓவீட்டா. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள், வியாழன் தவறாமல் வருகிறவள். நெல்டா உறையை இடுப்பின் மறுபக்கத்துக்கு மாற்றினாள்.

துப்பாக்கிப் பயிற்சி வகுப்பில் சுடுவதைவிட, சுட்ட பிறகு என்ன செய்வது என்பதைத்தான் அதிகம் சொல்லிக் கொடுத்தார்கள். "என்னைத் தாக்க வந்தான், உயிருக்குப் பயந்தேன், வக்கீல் வந்ததும் பேசறேன். இவ்ளோதான் சொல்லணும். அப்புறம் வாய்க்குப் பூட்டு" என்றார் பயிற்சியாளர். வகுப்பே திரும்பி நெல்டாவைப் பார்த்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

குளிர் தொடங்கிய சமயம், கடை அடைக்கப் போகும் நேரத்தில் ஒருவன் இரும்புக் கம்பியோடு உள்ளே வந்தான். பணம் கேட்டான், சுவர்க் கண்ணாடியை நொறுக்கினான், கம்பியை ஓங்கிக்கொண்டு அவள்மேல் பாய்ந்தான். ஒரே தோட்டா, தொடையில். அவன் விழுந்ததும் துப்பாக்கியைத் தள்ளி வைத்துவிட்டு, துவைத்து மடித்திருந்த துண்டுகள் அத்தனையையும் அவன் காயத்தில் வைத்து அழுத்தினாள். அவன் பிழைத்துவிட்டான். அதற்கு அவள் இன்றைக்கும் கடவுளுக்கு நன்றி சொல்கிறாள்.

வந்த போலீஸ்காரன் கோலி, பிறந்த முடியையே அவளிடம் எடுத்தவன். தெரிந்த பையன் ஆயிற்றே! பூட்டு உடைந்தது. ஆம்புலன்ஸ் போன பிறகும் பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். பயந்தேன் என்று சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. வீறாப்பாக, "என் கண்ணாடி மேல கை வெச்சாம்பா. வந்த கோவத்துல சுட்டுட்டேன் தம்பி" என்று சொல்லித் தொலைத்தாள்.

"மிஸ் நெல்டா, போதும், நிறுத்துங்க" என்று கெஞ்சினான் கோலி. ஆனால் அவன் சட்டையில் இருந்த கேமரா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது.

வக்கீல் லைல் தலையில் கை வைத்துக்கொண்டார். "பயத்துல சுட்டா தற்காப்பு. கோவத்துல சுட்டா ஜெயில். கண்ணாடிக்காகவா ஒரு மனுசனச் சுட்டீங்கன்னு கேப்பாங்க. கோர்ட்டு பொறுக்கி எடுத்த ஊர்க்காரங்க பன்னிரண்டு பேர் உக்காந்து உங்க மேல வழக்கு போடலாமா வேணாமான்னு முடிவு பண்ணுவாங்க. அதுவரைக்கும் இதப்பத்தி யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

துப்பாக்கியைப் போலீஸ் கொண்டுபோனது. வாயை வக்கீல் கொண்டுபோனார். சம்பவத்தைப் பற்றித்தான் பேசக்கூடாது. ஆனால் எதைத் தொடங்கினாலும் பேச்சு அங்கேயே போய் முட்டியதால் மொத்தமாகவே வாயைக் கட்டிக்கொண்டாள். நாக்கு அரித்தது. குளிர்காலம் முழுக்க அந்தக் கடையில் கத்தரிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ராத்திரியில் சிறைக் கதவு கனவில் வந்தது.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஓவீட்டாவும் ஒருத்தி என்று தெரிந்தபோது நெல்டாவுக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை. வேண்டியவள்தான், ஆனால் தப்பு என்று பட்டால் பெற்ற பிள்ளையையே நடுவழியில் பேருந்திலிருந்து இறக்கிவிடுகிறவள். ஓவீட்டா நெல்டாவின் வாடிக்கையாளர் என்று அரசு வக்கீலிடம் லைல் சொல்லிப் பார்த்தார். நெல்டாவிடம் முடி வெட்டிக்கொண்டவர்களை எல்லாம் விலக்கினால் மாவட்டத்தில் வழுக்கைகள் மட்டும்தான் மிஞ்சும் என்றுவிட்டார் அவர்.

அந்தப் பன்னிரண்டு பேரும் முடிவெடுக்கக் கூடிய நாளும் ஒரு வியாழன்தான். மத்தியானம் வழக்கம்போல் ஓவீட்டா வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளே நடந்ததை வெளியே சொல்லக்கூடாது என்று அவளுக்குச் சத்தியம். நெல்டாவுக்கு வக்கீல் போட்ட கட்டு.

"தண்ணி கொதிக்குதுடி."

"மன்னிச்சுக்கோ."

அவ்வளவுதான் பேச்சு. சுருள் சுற்றும்போது புதிதாக மாட்டிய கண்ணாடியில் அவள் முகத்தைத் தேடினாள் நெல்டா. படுபாவி, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். உலர்த்தி, சீவி, ஸ்ப்ரே அடித்து முடித்தாயிற்று. ஓவீட்டா எழுந்து கோட்டு மாட்டினாள்.

"ஏப்ரல்ல என் பேத்திக்குக் கல்யாணம். பொண்ணு, தோழிங்க ஆறு பேரு, நானு. அத்தனை தலையும் உன் பொறுப்பு. இப்பவே நாள ஒதுக்கி வை."

நெல்டாவின் கையிலிருந்து சீப்பு விழுந்தது. "ஏப்ரல்லயா?"

"ஏப்ரல்ல."

"நான் இங்க..."

"வேற எங்க போகப் போற?" என்றாள் ஓவீட்டா. முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

நெல்டாவுக்குக் கண் நிறைந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பொண்ணுக்குத் தூக்கிக் கட்டலாமா, தோழிகளுக்குப் பின்னல் போடலாமா, அந்த உயரமான பெண்ணின் முடி எலி வால் மாதிரி இருக்கிறதே அதற்கு என்ன செய்வது, போன கல்யாணத்தில் பக்கத்து ஊர்க்காரி போட்ட கொண்டை கேக்கு வெட்டும்போதே அவிழ்ந்ததே என்று ஆரம்பித்தாள். மூச்சு விடவில்லை. மேஜையில் போன் அடித்தது. திரையில் லைலின் பெயர். அவள் பாட்டுக்கு மல்லிகையா ரோஜாவா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஓவீட்டா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"நெல்டா, வாய மூடிட்டு அந்தப் போனை எடு."