ஓ நெகட்டிவில் ஒருவர் குறைவு

அவளை எல்லாரும் ‘ரத்த அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் எடுப்பவள். பதினோரு வருடங்களுக்கு முன், ரத்தம் கொடுக்கத் தயாராக இருப்பவர்களின் விவரங்களைத் திரட்டி ஒரு சின்ன இணையதளம் தொடங்கினாள். அப்போது இருநூறு பேர். எல்லாரையும் ஒரே கோப்பில் வரிவரியாக ஏற்றினாள். இப்போது முப்பதாயிரம் பேர், அவர்கள் ரத்தம் கொடுத்த தேதிகள் வேறு. யார் எதைத் தேடினாலும் தளம் அந்தக் கோப்பை முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். நத்தை தேவலை.

ஒரு மதியம் ஒருவர் போனில் கூப்பிட்டார். “அக்கா, பக்கம் சுத்திக்கிட்டே இருக்கு. அம்மாவ ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோயிட்டாங்க.” ரத்தம் கொடுக்கக்கூடிய இரண்டு பேரின் எண்களை ஞாபகத்திலிருந்து சொன்னாள். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். இவளுக்குத்தான் அன்றிலிருந்து ஒரே கேள்வி. இப்படித் தன்னைக் கூப்பிடத் தெரியாதவர்கள் எத்தனை பேரோ?

கணவனின் தம்பி கணினி வேலை பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, கோப்பின் நகலை இரண்டு விதமான தரவுத்தளங்களில் ஏற்றினான். ஒன்று தேடுவதற்கென்றே செய்தது. இன்னொன்று கட்டம் போட்ட பழைய பாணி. முதலாவதில் ‘ஓ நெகட்டிவ்’ தேடிக் காட்டினான்.

“பாத்தீங்களா அண்ணி, கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள. பெரிய கம்பெனியெல்லாம் இதத்தான் வச்சிருக்காங்க.”

அவள் பட்டியலைப் பார்த்தாள். மூன்றாவது பெயர் அவள் கணவனுடையது.

“தம்பி, உங்கண்ணன் பாசிட்டிவ்.”

அவன் சிரிப்பு நின்றது. அந்தத் தரவுத்தளம் எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு, பாசிட்டிவ் நெகட்டிவைக் காட்டும் கூட்டல் கழித்தல் குறிகளை உமி மாதிரி ஊதித் தள்ளியிருந்தது. மருத்துவமனையில் மறுபடி சோதிப்பார்கள்தான். ஆனால் தவறான ஆள் வந்து திரும்பிப் போகிற ஒரு மணி நேரத்தை யார் கொடுப்பார்கள்?

“ஒரு செட்டிங்தான் அண்ணி, சரி பண்ணிடலாம்.”

“இது என் கண்ணுல பட்டுச்சு. படாதது என்னென்ன இருக்கோ? பெரிய வீட்டு அண்டா நம்ம அடுப்புல நிக்காது தம்பி. அந்தக் கட்டம் போட்டதையே வைப்போம்.”

அதில் ரத்த வகைக்கு எட்டே எட்டு விடைகள்தான். ஒன்பதாவதை ஏற்றுக்கொள்ளாதபடி செய்தான். புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு மாதிரி வகைவாரியாக ஒரு அட்டவணையும் போட்டான். ஒரு தேடலுக்கு ஆன ஐம்பது விநாடி இரண்டாகக் குறைந்தது. ஆனாலும் அவள் அதை மக்களுக்குத் திறக்க விடவில்லை. ஒவ்வொரு வகையிலும் எத்தனை பேர் என்று எண்ணச் சொன்னாள். எட்டையும் கூட்டினால் பழைய கோப்பை விட ஒருவர் குறைந்தார்.

“யாரத் தொலச்சோம்?” என்றாள்.

தொலையவில்லை. புதிய தரவுத்தளம் ஒரு வரியை வாங்க மறுத்து ஓரமாக வைத்திருந்தது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். ஓ நெகட்டிவ், எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. அவன்தான் எழுத்தைப் பெரிதாக்கினான். ஆங்கில ‘ஓ’ எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம்; ஓ நெகட்டிவ் என்று யார் தேடினாலும் இந்த வரி வந்திருக்காது. தட்டியவள் அவளேதான், ஆறு வருடங்களுக்கு முன்.

உடனே அந்த எண்ணுக்குப் போன் செய்தாள். எடுத்தவர் ஒரு தச்சர். பின்னால் இழைப்புச் சத்தம் கேட்டது.

“பேரு குடுத்தேன், யாருமே கூப்பிடலியேன்னு நெனச்சேம்மா. இப்ப வேணுமா? வரட்டா?”

“இப்ப வேணாங்க. நம்பர் இருக்கான்னு பாத்தேன்.”

அந்த வரியைத் திருத்தினாள். மதியத்துக்குள் தளம் புதிய தரவுத்தளத்தில் ஓடத் தொடங்கியது. வேகத்தில் குறையே இல்லை. கொழுந்தன் சாப்பிடக் கூப்பிட்டான். அவள் எழவில்லை. அந்த ஆறு வருடங்களில் ஓ நெகட்டிவ் தேடி, கிடைக்காமல் பக்கத்தை மூடிப் போனவர்கள் யார் யார் என்பதை எந்தத் தரவுத்தளமும் வைத்திருக்கவில்லை.