அலசிய கேன்

பூச்சிமருந்து நெடி காற்றில் வந்தால் இன்றும் நான் நிற்பது நன்னிலம் ஆஸ்பத்திரி வாசலில்தான். வயலுக்கு மருந்தடித்துவிட்டு வரப்பிலேயே சுருண்டு விழுந்த அண்ணனை அங்கே கொண்டுபோயிருந்தோம். என்ன விஷம் என்று தெரிந்தால் சரியான முறிவு மருந்து கொடுக்கலாம் என்றார் டாக்டர். இரண்டு மூன்றைக் கலந்து, பேர் ஒட்டாத கேனில் ஊற்றிக் கொடுப்பது எங்கள் பக்கத்துக் கடைகளில் வழக்கம். கடைக்காரரோ போனை எடுக்கவில்லை.

கடைகளில் பூச்சிமருந்தைச் சோதிக்க வந்திருந்த பெண் ஆய்வாளரைக் கையோடு அழைத்து வந்தேன். அவருடைய சின்னக் கருவி, ஒரு சொட்டின் மேல் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி இன்ன ரசாயனம் என்று சொல்லிவிடும். அண்ணி கேனை நீட்டினார். திரையில் கோடு ஏறி இறங்கியது. அதற்குள் நான் கும்பிடாத சாமியில்லை.

"வெறும் தண்ணின்னு காட்டுதுங்க."

"நாத்தம் பொறுக்கல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டாறமேன்னு வாய்க்கால்ல நல்லா அலசிட்டேங்க," என்றார் அண்ணி.

"அவர் போட்டிருந்த சட்டை? அதுல மருந்து பட்டிருக்குமே," என்றார் ஆய்வாளர்.

"வீட்டுல கெடக்குங்க."

தஞ்சாவூருக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். வியர்வையில் நனைந்து கிடந்த அண்ணன், கதவு மூடுமுன் அண்ணியைப் பார்த்தார்.

"அந்தச் சட்டையையாவது தொவைக்காம எடுத்துட்டு வாடி."